கிட்டாரில் நாயனம் வாசிக்கப் போனவன்

மல்லசமுத்திரத்தில் என் நாயனம் பாட்டுக்குப் பின்னால் வந்தது. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பது, சரியாக வாசித்தால் ஒருவர் காதிலும் விழாத, தப்பாக வாசித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற தொழில். மேடை ஏறிப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் ஏறாத மண்டபம் இல்லை, நிற்காத கோயில் திடல் இல்லை. மேடைப் பயம் எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. எங்கேயோ ஒளிந்திருந்து, கிழவனான பிறகு வந்து பிடித்துக்கொண்டது.

கீபோர்டு இருந்தது, விரல் இல்லை

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவன் வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போனவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழல், வயலின், நாயனம், வீணை என்று பாட்டுக்கு நடுவில் வருகிற அத்தனை சத்தமும் அவன் பத்து விரலில் இருந்தது. குழுவின் கீபோர்டு இருக்கிறது, விரல்தான் இல்லை. சீசனில் கீபோர்டுக்காரன் கிடைப்பது முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது மாதிரி. குழுவை நடத்துகிற கேசவன், அயோத்தியாப்பட்டணத்துக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். பாட்டுகளின் இசை முழுக்க அதில் பதிந்திருக்கிறது. பாடுகிறவர்கள் பாடினால் போதும்.

நான் ஒரு வழி சொன்னேன். கிட்டாரில் எந்தச் சுரத்தை மீட்டுகிறோம் என்று கண்டுபிடித்துக் கீபோர்டுக்குச் சொல்லுகிற கருவிகள் வந்திருக்கின்றன. மிடி என்பார்கள். கம்பியின் சத்தம் போகாது. இந்தச் சுரத்தை வாசி, இவ்வளவு நேரம் வாசி என்கிற உத்தரவு மட்டும் போகும். அதைக் கீபோர்டு நாயனமாகவோ குழலாகவோ ஊதும். கீபோர்டுக்காரன் விரலுக்குப் பதில் என் விரல். கேசவன் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார். பிறகு, என் வயதுக்கு மரியாதை கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார்:

"சரி வரலைன்னா சங்கடப்படக் கூடாது மாஸ்டர். மேடையில தலை குறையக் கூடாதுல்ல, கிட்டார மாட்டிக்கிட்டு கையை மட்டும் ஆட்டுங்க. ஒயரு குத்த வேணாம்."

தாய்மாமன் கேட்ட சந்தேகம்

அந்த வார்த்தை வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வாசிக்காமல் வாசிக்கிற மாதிரி நிற்பது. இத்தனை காலம் நின்ற மேடையில் துணிக்கடைப் பொம்மையாக நிற்பது. அந்தப் பயத்தில் யோசிக்காமல் கிளம்பினேன். மருமகனின் லேப்டாப், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள், கிட்டாரையும் லேப்டாப்பையும் இணைக்க ஒரு மலிவு ஒயர். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். குழல் பேசியது. தனியாக வாசிக்கும்போது தாமதம் தெரியாது. சத்தம் மெதுவாக வந்தால் நம் கையும் அதோடு சேர்ந்து மெதுவாகப் போய்விடும். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்: தாளத்தோடு வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

மல்லசமுத்திரத்தில் கல்யாண வரவேற்பு. பெண் வீடு பெரிய விவசாயக் குடும்பம், மண்டபம் நிறைந்து வாசல் வரைக்கும் ஆள். பல்லவி முடிந்ததும் நாயனம் வர வேண்டும். கம்பியைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குள் ரிதம் பேடில் தாளம் போடுகிற எங்கள் தங்கவேல் அடுத்த அடிக்குப் போய்விட்டான். நாயனம் முடிகிற இடத்தில் சரணம் எடுக்க வேண்டிய பாடகி சாந்தாமணி, யார் பின்னால் போவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினார். நான் பதறிப்போய் முந்தி முந்தி வாசித்தேன். லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. பாட்டு மூன்று துண்டாகிப் போயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் மேடைப் படி ஏறி வந்தார். தோளில் துண்டு, கையில் மோதிரம், நல்ல உயரம். அடிக்கத்தான் வருகிறார் என்று கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் கும்பிடு போட்டுவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"ஏனுங்க, உங்க நாயனக்காரரு பக்கத்து மண்டபத்துல உக்காந்து வாசிக்கறாருங்களா?"

கடைக்குள் எல்லாம் நல்ல பெட்டி

தம்மம்பட்டித் திருவிழா வரைக்கும் கேசவன் தவணை கொடுத்தார். அதற்குள் சரி வர வேண்டும். இல்லையென்றால் பென் டிரைவ், நிரந்தரமாக.

சேலத்தில் ஜபருல்லா பாய் கடைக்குப் போனேன். கிட்டார், கீபோர்டு, மைக் என்று மேடைச் சாமான் விற்கிற கடை. விஷயத்தைச் சொன்னேன். மூன்று சாமான் எடுத்து வைத்தார். முதலாவது, கிட்டார் வடிவத்தில் பிளாஸ்டிக். கழுத்தில் கம்பிக்குப் பதில் பட்டன். தொட்டதும் சத்தம், தாமதமே கிடையாது. விலையும் கைக்கு எட்டியது. ஆனால் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்க முடியாது. வளைவு இல்லாத நாயனம் காலிங் பெல். இரண்டாவது, லேப்டாப் செய்த வேலையைச் செய்வதற்கென்றே வந்த புதுப் பெட்டி. விலையைச் சொன்னார். நான் உட்கார ஸ்டூல் தேடினேன்.

மூன்றாவது, அதே மாதிரிப் பெட்டிதான், வேறு யாரோ வாசித்துவிட்டு விற்றது. கம்பிகளுக்கு அடியில் ஒட்டிக்கொள்ள மெல்லிசாக ஒரு பட்டை. ஆறு கம்பிக்கும் அதில் தனித்தனிக் காது. லேப்டாப் ஆறு கம்பியையும் ஒரே காதால் கேட்டுக் குழம்பியது, இது குழம்பாது என்றார் பாய். கடையில் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலும் நன்றாகத்தானே இருந்தது. மேடையிலும் இப்படியே இருக்குமா, உத்தரவாதம் உண்டா என்று நாலு தடவை கேட்டிருப்பேன். பாய் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கடைக்குள்ள எல்லாப் பொட்டியும் நல்ல பொட்டிதான் மாஸ்டர். மேடையில வாசிச்சுட்டு வந்து திட்டுங்க, டீ சொல்றேன்."

தங்கவேல் ஒதுங்கினான்

கேசவன் வீட்டு மாடியில் ஒத்திகை. குழல் வாசித்தேன். கம்பியை லேசாக இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போனேன். குழல் அடுத்த சுரத்தில் நிற்கவில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. கீழ்வீட்டில் குழந்தை வீரிட்டது. நான் கம்பியை விட்டுவிட்டேன். பேய் பிடித்த பெட்டியை வாங்கிவிட்டேன் என்றே முடிவு செய்தேன்.

பேய் இல்லை. கம்பியை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வளைய வேண்டும் என்று பெட்டியில் ஒரு அளவு இருக்கும், கீபோர்டில் ஒரு அளவு இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை. பெட்டி முழம் என்று சொன்னதைக் கீபோர்டு மைல் என்று எடுத்துக்கொண்டது. சரி செய்வது இரண்டு பட்டன் வேலை. அதைக் கண்டுபிடிக்கிறதற்குள் பொழுது போய்விட்டது. தங்கவேல் வாரநாளில் லாரி ஓட்டுகிறவன், நாமக்கல்காரன். பேடுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியோடு சுவரோரமாக நகர்ந்தான்:

"ஆரன் அடிச்சது போதுங்க மாஸ்டர். ஓரங்கட்டிட்டேன், நீங்க முன்னாடி போங்க."

முனியப்பன் சந்நிதியில்

அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். முனியப்பன் கோயில் திருவிழா. சுதை முனியப்பன், உருட்டு விழி, கையில் அரிவாள். மேடையை நேர் எதிரே போட்டிருந்தார்கள். சாயங்காலம், கச்சேரிக்கு முன்னால் பெட்டியை ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் செருகினேன். மெல்லத் தட்டினாலும் கேட்கட்டும் என்று பெட்டியின் காதை நன்றாகக் கூர்மையாக்கி வைத்தேன். கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினேன்.

அந்த நேரம் பார்த்துப் பம்பைக்காரர்கள் வந்தார்கள். மேடையை ஒட்டி நின்று அடித்தார்கள். தரை அதிர்ந்தது. மேடை அதிர்ந்தது. கம்பி அதிர்ந்தது. ஆளே இல்லாத மேடையில் நாயனம் ஊத ஆரம்பித்தது. ஒரே சுரம். நடுங்கி நடுங்கி, நீளமாக. பம்பை உரக்கப் போனால் அதுவும் உரக்கப் போயிற்று. கூட்டம் முதலில் மேடையைப் பார்த்தது. அப்புறம் முனியப்பனைப் பார்த்தது. பேச்சு அடங்கிப் போயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மா தலைமுடி அவிழ ஆடத் தொடங்கினார். குலவை கிளம்பியது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஓடிப்போய் நிறுத்தினால் சாமியை நிறுத்தியவன். நிறுத்தாவிட்டால் அது ஊதிக்கொண்டே இருக்கும். விஷயம் தெரிந்தால் கூட்டம் என்ன செய்யும்? கற்பூரத் தட்டு வெளியே வரும் வரைக்கும் மேடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் கையை மட்டும் நீட்டி ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அந்த அம்மாவும் நின்றார். தலையைத் தூக்கினால் எதிரில் பூசாரி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் குனிந்து காதோடு சொன்னார்:

"அடுத்த வருசமும் அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு வா சாமி, அவனுக்குப் புடிச்சிருக்குது."

நல்ல மனசு

கேசவனுக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்குக் கச்சேரி பென் டிரைவில் நடந்தது. என்னைக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றேன். ஸ்பீக்கரில் யாரோ கிட்டார் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். நான் அவர்கள் கைக்குத் தக்கபடி என் கையை ஆட்டினேன். இரண்டாவது பாட்டில் அதுவும் தப்பியது. சத்தம் நின்ற பிறகும் என் கை ஆடிக்கொண்டிருந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கண்ணை நிமிர்த்தவில்லை. அடிபட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய நேரம். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, மடியில் தூங்குகிற குழந்தையோடு, என் மேல் இரக்கப்பட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"ஏங்க, அந்தப் பெரியவருக்கு ஒயரு மாட்ட மறந்துட்டாங்க, யாராச்சும் மாட்டி உடுங்க, பாவம்!"

திரும்பி நின்று பாடினார்

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பெட்டியோடு மல்லுக்கட்டினேன். காதைக் கூர்மையாக்கினால் தொடாத சுரமெல்லாம் கேட்டது. மந்தமாக்கினால் தொட்ட சுரமும் கேட்கவில்லை. நடுவில் ஒரு இடம் பிடித்தேன். வாசிக்காத நேரத்தில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி வைக்கவும் பழகினேன். ஆனால் தாமதம் முழுசாகப் போகவில்லை. சில இடத்தில் உடனே வந்தது, சில இடத்தில் இழுத்தது. எந்த இடத்தில் இழுக்கும் என்று தெரியாதது முன்னைவிட மோசமான பயம். முழுசாகக் கெட்ட வண்டியை யாரும் ரோட்டுக்கு எடுக்க மாட்டார்கள். பாதி பிரேக் பிடிக்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும்.

தம்மம்பட்டிக்கு முந்தின ஒத்திகை. சாந்தாமணி ராசிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். தங்கவேல் தாளம் போட, நான் வாசிக்க, அவர் ஒரு பாட்டு பாடினார். சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவர் தலையை ஆட்டினார். "இல்லீங்க மாஸ்டர். உங்க கையப் பாத்துப் பாத்து நானா சரிக்கட்டிப் பாடறேன். இருங்க, திரும்பி நின்னுக்கறேன். சத்தம் பின்னால வந்தா கையத் தூக்கறேன்" என்றார். சுவரைப் பார்த்து நின்று பாடினார். கை தூக்கினார். மறுபடி தூக்கினார். தங்கவேல்தான் முதலில் பார்த்தான்: நான் தடித்த கம்பிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கை உயர்ந்தது.

விஷயம் இதுதான். கம்பி சில தடவை ஆடி முடித்த பிறகுதான் பெட்டிக்கு அது எந்தச் சுரம் என்று நிச்சயமாகும். மெல்லிய கம்பி வேகமாக ஆடும், தடித்த கம்பி மெதுவாக ஆடும். அது போதாதென்று எங்கள் குழுவில் ஒரு பழக்கம். சாந்தாமணிக்கு இறக்கமான சுருதி. கீபோர்டுக்காரன் பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்குவான். நான் ஆறு கம்பியையும் தளர்த்திக் கட்டுவேன். தளர்ந்த கம்பி இன்னும் மெதுவாக ஆடும். தட்டிய வேகத்தில் சுரம் ஏறி இறங்கும், பெட்டி இதுவா அதுவா என்று திகைக்கும். தளர்த்துவது என் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிப்போனதால் யோசிக்கவே இல்லை. சாந்தாமணி கிட்டே வந்து தடித்த கம்பியை விரலால் சுண்டினார். தொளதொளவென்று ஆடியது. "இத எதுக்குங்க இப்படித் தொங்க உட்டிருக்கறீங்க?"

"உன் தொண்டைக்குத்தான் அம்மணி."

"எந் தொண்டைக்குக் கம்பி எதுக்குங்க? எனக்குச் சத்தம் கீபோர்டுல இருந்துதானுங்க வருது. கம்பிய இறுக்குங்க, எறக்கறத அதுல எறக்குங்க."

கம்பியின் சத்தம் போகாது, உத்தரவு மட்டும்தான் போகும் என்று கேசவனுக்கு விளக்கியவன் நான். வாயை மூடிக்கொண்டு மெல்லிய கம்பிகளாகப் பார்த்து மாற்றினேன். இறுக்கும்போது எங்கே அறுந்து முகத்தில் அடிக்குமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறுந்துபோகவில்லை. நாயனம் முழுவதையும் மேல்ஸ்தாயியில் மெல்லிய கம்பிகளில் வாசித்தேன். கீபோர்டில் ஒரு ஸ்தாயி இறக்கி, அதற்கு மேல் அவர் சுருதிக்கும் இறக்கி வைத்தோம். சாந்தாமணி மறுபடி சுவரைப் பார்த்து நின்று முழுப் பாட்டையும் பாடினார். கை தொங்கியது தொங்கியபடி இருந்தது. முடித்துவிட்டுத் திரும்பினார்:

"தூக்கித் தூக்கித் தோளு கழண்டுரும்னு நெனச்சனுங்க. வேலையே இல்லாமப் போச்சு."

தம்மம்பட்டி

ஒத்திகை வேறு, மேடை வேறு. இது எனக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. தம்மம்பட்டியில் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. அந்த உறுமலுக்கே கம்பி ஊதிவிடுமோ என்று உள்ளங்கையை எடுக்கவில்லை. கும்பிடு போட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். கேசவன் மிக்சர் பக்கத்தில் நின்றார். பென் டிரைவைச் செருகி, விரலைப் பட்டன் மேல் தயாராக வைத்திருந்தார். நான் தப்பினால் அந்த விரல் அமுங்கும். அமுங்கினால் என் ஒயரை யாரும் பிடுங்க வேண்டியதில்லை, நானே பிடுங்கிவிடலாம்.

பல்லவி முடிந்தது. சாந்தாமணி மைக்கோடு கூட்டத்தைப் பார்த்து நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றேதான். கையை எடுத்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. தட்டினேன். நாயனம் வந்தது. தட்டிய இடத்தில் வந்தது. வளைத்தேன், வளைந்தது. அடுத்த சுரம் வருமா என்று ஒவ்வொரு சுரத்துக்கும் பயந்துகொண்டே வாசித்தேன். ஒவ்வொன்றும் வந்தது. கடைசிச் சுரம் முடிந்த அதே நொடியில் சாந்தாமணி சரணத்தை எடுத்தார். தங்கவேல் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். ஊர்க்காரர்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் கைதட்டல்.

பாட்டு முடிந்ததும் கேசவன் வந்தார். என்ன வாசிக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அடுத்து எது வெச்சுக்கலாம் மாஸ்டர்?"

இன்றைக்கும் ஒவ்வொரு மேடையிலும் முதல் சுரம் வருகிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. பெட்டியைத் தேடி அலைந்தவன் நான், ஊருக்கு ஊர் பயந்து செத்தவன் நான், அதைச் சரி செய்தது சாந்தாமணி.